கொட்டை யாருடைய பங்கு

சன்னல் வழியே சாய்ந்து விழும் மாலை வெயிலில் மாமியாரின் முன்கைத் தோல் வெங்காயச் சருகெனப் பளபளக்கின்றது. சற்றே உரசினாலும் அது கிழிந்துவிடுகின்றது. ஆதலால் நாள்தோறும் பழம் உண்ணுமாறு மருத்துவர் கூறியுள்ளார். ஆயினும் மாம்பழத்தின் கதுப்புகளைப் பிறர் தட்டுகளில் வைத்துவிட்டுக் கொட்டையை மட்டும் சப்புவதே அவரது நெடுநாள் வழக்கம். இன்றோ கத்தி மருமகளின் கையில் இருக்கின்றது. “கொட்டைய இங்க குடும்மா, அதுலதான் ருசியே,” என்று மாமியார் கை நீட்டுகின்றார். “டாக்டர் பழம் சாப்பிடச் சொன்னாரு அத்தை, கொட்டைய சப்பச் சொல்லல.” “பிள்ளைங்களுக்கு?” “அதுங்க தின்னு முடிச்சு கையும் கழுவியாச்சு.” மருமகள் கொட்டையைத் தன் வாயில் வைத்துக்கொள்கின்றாள். வேறு வழியின்றி மாமியார் ஒரு கதுப்பைக் கடிக்கின்றார். சாறு அந்த மெல்லிய தோலின்மீது முழங்கை வரை வழிகின்றது. அவர் அதைத் துடைக்கவில்லை. அடுத்த கதுப்பை நோக்கி அவருடைய விரல்கள் மெல்ல நகர்கின்றன.