பல்லைக் காட்டியவள்

ஆப்பிரிக்கக் காட்டுப் பூங்கா ஒன்றில், அரைக்காதியும் அவள் தம்பி நெட்டையனும் அத்திமரத்தடியில் பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டுமே கிழட்டுச் சிம்பன்சிகள். வழிகாட்டியின் பின்னால் மனிதர்கள் வரும் சத்தம் கேட்டது.

"வந்துட்டாங்க முகமூடிக்காரங்க" என்றான் நெட்டையன்.

"அப்பல்லாம் முகமூடி ஏது? நம்மளைக் கண்டதும் பல்லைக் காட்டுவாங்க. அவ்வளவு பயம்."

"ஆரம்பிச்சிட்டியா அக்கா? அந்த மழைக்காரி கதைதானே?"

"ஆமாடா. தொப்பலா நனைஞ்சுக்கிட்டு, என்னையே பார்த்து ஓயாமப் பல்லைக் காட்டினா. பயந்தாத்தானே நாமளும் காட்டுவோம்? எனக்கு மனசு கேக்கலை. பயப்படாதேன்னு கையை நீட்டினேன். விரலைப் பிடிச்சுக்கிட்டா. அந்தச் சூடு இன்னும் போகலைடா."

மனிதர்கள் வந்து வரிசையாக நின்றார்கள். அதில் தலை நரைத்த ஒருத்தி மட்டும் அரைக்காதியின் அறுந்த காதையே உற்றுப் பார்த்தாள். பிறகு மெல்ல முகமூடியை இறக்கினாள். எல்லாப் பல்லும் தெரிந்தது.

அரைக்காதி சட்டென்று கையை நீட்டினாள். நரைத்த தலைக்காரியின் கையும் பாதி தூரம் எழுந்தது.

"அம்மா, முகமூடி! நம்ம சளி இதுங்க உயிருக்கே ஆபத்து. பின்னால வாங்க!" என்று வழிகாட்டி பதறினான்.

அவள் கையை இறக்கினாள். முகமூடியை ஏற்றிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி பின்னால் நகர்ந்தாள்.

அரைக்காதி நீட்டிய கையை மடக்கவில்லை.

"அவளேதான்டா" என்றாள். "இத்தனை வருஷமாகியும் பயம் தெளியலை, பாவம்."