வடக்கே தலை

“இடப்பக்கமா படுத்தா இவ சாமிக்கு முதுகக் காட்டணுமே, டாக்டரம்மா. அது எங்க வீட்ல நடக்காது” என்றாள் மாயம்மாள்.

சாரா டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்த பட்டையைச் சுருட்டி வைத்தார். மட்டாஞ்சேரித் தமிழர்களுக்குப் பிரசவம் பார்த்தே அவருக்குத் தமிழ் வந்திருந்தது. கூடவே மலையாளமும் ஒட்டிக்கொண்டு வரும்.

“சாமி கோபிக்கில்லா அம்மச்சி. உங்க மருமகளுக்கு பிரஷர் கூடுதல். மாசத்துக்கு ஏத்த வளர்ச்சி குட்டிக்கு இல்ல. போன தடவை எட்டாம் மாசத்துல என்ன ஆச்சுன்னு மறந்துபோச்சா?”

யாரும் மறக்கவில்லை. அங்கம்மாள் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டாள்.

“படுக்குறதுக்கும் பிள்ள வளர்றதுக்கும் என்ன சம்பந்தம்?”

“உங்க மகன் ராசப்பன் துறைமுகத்துல மண் வாருற கப்பல்லதானே வேலை? மண்ண வாரி ஆழப்படுத்தாம பெரிய கப்பல் உள்ள வருமோ?”

“அதெப்படி வரும்? தரை தட்டும்.”

“கர்ப்பப்பையும் அப்படித்தான். அங்க ரத்தக்குழாய் எல்லாம் சும்மா இருக்கும்போது நூல் மாதிரி சுருண்டு கிடக்கும். பிள்ள உண்டானதும் தானே இளகி அகலமாகும். அப்பத்தான் ரத்தம் தாராளமா குட்டிகிட்டப் போகும். அங்கம்மாளுக்கு அது வேண்டிய மட்டும் அகலமாகலேன்னு தோணுது. இதுல மல்லாந்து வேற படுத்தா, வயித்துப் பாரம் பெரிய குழாய அமுக்கும். இருக்குற வழியும் அடைஞ்சுபோகும்.”

“வலப்பக்கம் படுத்தா?”

“அந்தக் குழாய் ஓடுறதே வலப்பக்கமாத்தான். இடப்பக்கம் படுக்கணும். மாத்திரை தர்றேன். உப்பக் குறைங்க. மிளகு பொடைக்கப் போக வேண்டா. ரெண்டு வாரம் பாப்போம். அப்பவும் இப்படியே இருந்தா எறணாகுளம் பெரிய ஆஸ்பத்திரிதான்.”

அவர்கள் வீடு மிளகுக் கிடங்குக்குப் பின்னால் ஒற்றை அறை. கிழக்கு மேற்காக ஓர் ஆள் நீளம்கூட அகலம் கிடையாது என்பதால் பாயைத் தெற்கு வடக்காகத்தான் விரிக்க முடியும். கிழக்குச் சுவரில் முருகன் படமும் அம்மன் படமும். தெற்கே தலை வைத்து இடப்பக்கம் திரும்பினால் இரண்டு பேருக்கும் முதுகுதான்.

மாயம்மாள் இடுப்பில் கை வைத்தபடி சுவரையும் பாயையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு தெற்குக் கோடியில் கிடந்த தலையணையை எடுத்து வடக்குக் கோடியில் போட்டாள்.

“படு. இடப்பக்கமும் ஆச்சு, சாமி முகத்தப் பாத்த மாதிரியும் ஆச்சு.”

அங்கம்மாள் தலையணையைப் பார்த்தாள். வடக்கே தலை வைத்தால் எமன் வருவான் என்று சொல்லியல்லவா வளர்த்திருந்தார்கள்? ராசப்பன் கப்பலை விட்டு வர இன்னும் நாள் இருந்தது. அவள் இடப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுப்பு மூலையில் படுக்கும் மாயம்மாள் அன்று தன் பாயையும் சுருட்டிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டாள். “ஒரே புழுக்கமா இருக்கு. பிள்ளத்தாச்சி மூச்சுச் சூடு வேற” என்று முணுமுணுத்தாள்.

விஷயம் தெருக்குழாயடிக்குப் போயிற்று.

“வடக்கயா தலை வெச்சுப் படுக்குற?” என்றாள் பக்கத்து வீட்டு ஒச்சம்மாள். “பாத்துக்க புள்ள, ஒன் மாமியா அடுத்த மருமகளுக்கு எடம் ஒழிக்குது.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். அங்கம்மாளும் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள். ஆனாலும் பாயைத் திருப்பிப் போடவில்லை. வயிற்றில் இருப்பதற்கு வழி அடையக்கூடாது.

இரண்டு வாரம் கழித்து சாரா டாக்டர் அவள் வயிற்றை அளந்தார். மரக்குழலை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் காது கொடுத்துக் கேட்டார். கைப்பட்டையை இரண்டு தடவை சுற்றிப் பார்த்தார். மாயம்மாள் அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“கர்த்தாவுக்கு ஸ்தோத்திரம்” என்றார் டாக்டர். “பிரஷர் எறங்கியிருக்கு. குட்டியும் நல்லா வளர்ந்திருக்கு. எறணாகுளம் போக வேண்டா. இங்கயே பெத்துக்கலாம்.”

மாயம்மாள் டாக்டரின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வெளியே மழை விட்டிருந்தது. சுக்கு மணக்கும் சந்தில், பெட்டிக்கடையில் ஒரு நேந்திரம்பழம் வாங்கி மருமகள் கையில் திணித்தாள். அங்கம்மாளுக்கும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டாள்.

“அத்தை, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கேளு. கோவிக்கிறதா வேணாமான்னு பெறகு பாப்போம்.”

“வடக்க தலை வெச்சா எமன் வருவான்னு உங்களுக்குத் தெரியாததா? என்னை அப்பிடிப் போட்டுட்டு நீங்க மட்டும் எட்டப் போய்ப் படுத்துக்கிட்டீங்க. பிள்ள தங்கினாப் போதும், இவ போனாப் போறான்னு நெனச்சிட்டீங்களா?”

மாயம்மாள் நின்றாள். “கிறுக்கச்சி. பழத்தத் தின்னுட்டு வா.”

நாலு எட்டு நடந்தபின், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“எமனா இருந்தாலும் வாசல் வழியாத்தானடி வரணும்? வந்தவன் மொதல்ல இந்தக் கெழவியக் கூட்டிக்கிட்டுத் திரும்பிடட்டும்னுதான், தெனமும் வாசப்படி மேல நானும் வடக்கயே தலைய வெச்சுப் படுத்தேன்.”