தட்டோரத்து எலும்பு

ரிட்டயரான டீச்சர் அவள்; கறியை வாயில் வைத்தே அறியாதவள். அவள் கணவரோ, சப்பித் துப்பிய எலும்பையெல்லாம் அவள் தட்டின் ஓரத்தில்தான் வைப்பார். "என் தட்டுல இடமில்லடி" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அது குமட்டல்.

அவர் போய்ச் சேர்ந்த மறுவருடம், நிம்மதியாகச் சாப்பிடவென்றே தங்கையோடு சொகுசுக் கப்பல் ஏறினாள். பெரிய சாப்பாட்டுக் கூடத்தில், எல்லோரும் புகழ்ந்த காளான் சூப்பை வரவழைத்தாள். ரசித்துக் குடித்து முடித்துப் பார்த்தால், கிண்ணத்துக்கு அடியில் வைத்திருந்த தட்டின் ஓரத்தில் எச்சில் பளபளக்க ஒரு கோழியெலும்பு.

"நீ வச்சியா?"

"நான் பாஸ்தாதானேக்கா சாப்பிடறேன்!"

பரிமாறுகிறவர் பதறி மன்னிப்புக் கேட்டு, புதுத் தட்டில் சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து வைத்தார். பாதி சாப்பிடுவதற்குள் ஓரத்தில் இரண்டு எலும்பு. நுனியைக் கடித்து நொறுக்கி, உள்ளே இருந்ததை உறிஞ்சி எடுத்தவை. அந்தக் கடி யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

பயம் வரவில்லை. அருவருப்புதான் வந்தது.

"செத்தும் இந்தப் பழக்கம் போகலையா உங்களுக்கு?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

கைகழுவும் இடத்தில் வாய் கொப்பளித்தாள். கடைவாய்ப் பல்லிடுக்கில் ஏதோ உறுத்தியது. நகத்தால் நோண்டி எடுத்தாள். நன்றாக மென்ற கறித் துணுக்கு. இன்னும் சூடாக இருந்தது.