தயாளினியின் வருத்தம்

"சோத்துக் கோப்பையும் வேறையோ, பிள்ளை?"

"ஓம் டொக்டர். கோப்பை, தேத்தண்ணிப் பேணி, துவாய், சவுக்காரம், எல்லாம் வேறை. அவரின்ரை உடுப்பைக்கூட வேறை வாளியிலைதான் தோய்க்கிறனான்."

டொக்டர் அருந்ததி பேனாவைக் கீழே வைத்தார். "படுக்கை?"

தயாளினி தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவர் ஹோலிலை. நான் அறைக்கை."

ஆவணியில் மயூரதனோடு இரண்டாம் கல்யாணம். இப்போது சித்திரை வெயில் கொளுத்துகிறது. அதே வீடு, அதே கூரை. நடுவில் ஒரு கதவு. இரவில் அவன் புரண்டு படுக்கிற சத்தம்கூட அவளுக்குக் கேட்கும். எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காரலாம் என்று தோன்றும். போகமாட்டாள்.

எல்லாம் முதல் கட்டினவன் செய்த வேலை. வெளிநாட்டு மாப்பிள்ளை! வந்தான், ஒரு மாதம் விருந்துச் சாப்பாடு சாப்பிட்டான், "போய் ஸ்பொன்சர் பண்ணுறன்" என்றான். போனவன் போனவன்தான். அவன் போன கையோடு இவளுக்குக் கொப்புளம் போட்டது. வெட்கத்தை விட்டு ஒரு டொக்டரிடம் காட்டினால், அந்த மகராசன் ஒரு சோதனையும் செய்யவில்லை. "ஹேர்பீஸ். உது சாகுமட்டும் போகாது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து அவள் யாரையும் தொடவில்லை. தங்கச்சியின் குழந்தை கையை நீட்டிக்கொண்டு வந்தாலும் அடுப்படிக்குள் ஓடிவிடுவாள்.

"ரிசல்ற் வந்திட்டுது" என்றார் டொக்டர். "போன கிழமை கொப்புளத்திலை பஞ்சு வைச்சு எடுத்தனாங்கள்தானே. ஹேர்பீஸ்தான்."

தயாளினி அழத் தொடங்கினாள். இப்படி வந்தால் என்ன செய்வது என்று பஸ்ஸிலேயே முடிவெடுத்திருந்தாள். மயூரதனை விட்டு விலகிவிடுவது. அவனாவது வேறொருத்தியைக் கட்டி, பிள்ளைகுட்டியோடு இருக்கட்டும்.

"அழாதையும். முழுக்கக் கேளும். உந்த வருத்தம் கோப்பையாலை தொத்தாது. துவாயாலை, உடுப்பாலை தொத்தாது. தங்கச்சியின்ரை பிள்ளையைத் தூக்கி மடியிலை வைச்சிருந்தாலும் தொத்தாது. தோல் தோலோடை சேரேக்கைதான் தொத்தும். கொப்புளம் போட்டிருக்கேக்கை சேரக்கூடாது. கொப்புளம் இல்லாட்டியும் கொஞ்சம் சான்ஸ் இருக்கு, நான் மறைக்கேல்லை. ஆனா ஆணுறை பாவிச்சு, நான் தாற குளிசையை ஒவ்வொரு நாளும் எடுத்தால் அது நல்லாக் குறையும்."

"பிள்ளை...?"

"ஏன் பெறேலாது? வயித்திலை நிக்கேக்கை எங்களிட்டைச் சொன்னால் காணும், நாங்கள் பாப்பம். உது கனபேருக்கு இருக்கு, பிள்ளை. தங்களுக்கு இருக்கெண்டே அவைக்குத் தெரியாது."

தயாளினி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். இத்தனை வருடமாக இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போயிற்றே!

"அவருக்குத் தெரியுமோ?"

"கலியாணத்துக்கு முந்தியே சொல்லிப்போட்டன் டொக்டர். மருதனார்மடத்து ஆஞ்சநேயர் கோயில் வாசல்லை வைச்சு. 'எனக்கொரு வருத்தம் இருக்கு, முதல் கட்டினவராலை வந்தது' எண்டு."

"என்ன சொன்னவர்?"

"'புரியுது. நீயா வர்ற வரைக்கும் நான் கிட்ட வரமாட்டேன்' எண்டார். நல்ல மனுசன், பாவம். அருவருப்பைக் காட்டாமல் தள்ளி இருக்கிறார்."

"இந்தியாத் தமிழ் கதைக்கிறார்?"

"தேப்பன் அளவெட்டி. தாய் திண்டுக்கல். அங்கை பிறந்து வளர்ந்து, போன வருசம்தான் காணியைப் பாக்க வந்தவர். நான் 'கதைக்கோணும்' எண்டால் 'என்ன கதை? ராஜா கதையா?' எண்டு கேப்பார்."

டொக்டர் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து எவ்வளவு காலம்!

"அவரையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாரும். சோதிச்சுப் பாப்பம். முதல்லை வீட்டை போய் அவரோடை கதையும்."

வீட்டில் மயூரதன் ஹோலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். பார்ப்பது என்ன, சும்மா ஓடிக்கொண்டிருந்தது. தயாளினி தேத்தண்ணி போட்டாள். இரண்டு பேணியையும் ஒரே தட்டில் வைத்துக்கொண்டு வந்து, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவனை ஒட்டி உட்கார்ந்தாள். அவன் திடுக்கிட்டுப் போனான்.

"இஞ்சருங்கோ, என்ரை வருத்தத்தைப் பற்றிக் கதைக்கோணும்."

அவன் டிவியை நிறுத்தினான். "ஆறிடுச்சா?"

"இல்லை." அவள் அதோடு நிறுத்தவில்லை. "டொக்டரிட்டைப் போனனான். உது சாகுமட்டும் போகாதாம். இடைக்கிடை வந்து வந்து போகுமாம். ஆனா அதோடையே நாங்கள் ஒண்டா இருக்கலாமாம். கவனமா இருந்தால் காணுமாம். உங்களுக்குச் சம்மதமெண்டால்... இனி நீங்கள் ஹோலிலை படுக்கத் தேவையில்லை."

சொல்லிவிட்டாள். இனி அவன் பாடு. அவன் எழுந்து போய்விடுவானோ என்று பார்த்தாள்.

மயூரதன் போகவில்லை. தேத்தண்ணியையும் தொடவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது.

"நாளாக நாளாக மனசு ஆறிடும்னுதான் தயா நான் காத்துட்டு இருந்தேன். டாக்டர்கிட்ட போற அளவுக்கா? சாகுற வரைக்கும் போகவே போகாதா?" என்றவன், தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"உன்னை விட்டுட்டுப் போன அந்த ஆளை... அவ்வளவு பிடிக்குமா உனக்கு?"