அந்தப் பக்கத்துச் சுவர்

"அந்தச் சுவத்துல யாராவது கை வெச்சாங்க... அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

பெரியவள் இதைச் சொன்னது கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வையைப் பார்த்து. ஆனால் யாருக்குச் சொன்னாள் என்பது மதிலுக்கு இந்தப் பக்கம் மணல் சலித்துக்கொண்டிருந்த சின்னவளுக்குத் தெரியாதா என்ன?

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்திகள் இருவரும். வீட்டைப் பிரித்தபோது மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயை யார் பக்கம் இறக்குவது என்று ஆரம்பித்த சண்டை. அன்றிலிருந்து நேர்ப்பேச்சு கிடையாது. எல்லாம் ஜாடைதான்.

"கேட்டீங்களா உங்க அண்ணி பேச்சை?" சின்னவள் கணவனைப் பிடித்துக்கொண்டாள். "சுவர் நம்முது. நடுவுல இருக்கற சந்துதான் அவங்களுது. ஏணி வைக்க அரை நாள் இடம் குடுத்தா குறைஞ்சா போயிடுவாங்க? ரூம் பூரா ஓதம் ஏறி, பையன் இளைப்புல படாத பாடு படறான். மழை வேற வரப்போகுது. நம்ம வீடு நனைஞ்சா அவங்களுக்குக் குளுகுளுன்னு இருக்கும் போல!"

"பேசாம ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டா..."

"கூப்பிட்டேனே! இத்துனூண்டு வேலைக்கெல்லாம் வரமாட்டாராம். போகட்டும். வீடியோ பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. பின்பக்கம் கொஞ்சம் பூசிப் பார்த்தேன்ல? நின்னுச்சா இல்லையா?"

நின்றிருந்தது. அவன் ஏணியைத் தேடி எடுக்கப் போனான்.

சனிக்கிழமை பெரியவளுக்கு மட்டும்தான் வேலை. அவள் தெருமுனை திரும்பினாளோ இல்லையோ, அவள் கணவர், பெரிய மாமா, சந்துக் கேட்டைத் திறந்துவிட்டார்.

"அவ வர்றதுக்குள்ள முடிச்சிடும்மா."

மனுஷர் தங்கம். அவருக்கு வாய்த்ததுதான் இப்படி என்று நினைத்துக்கொண்டே, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சின்னவள் ஏணியில் ஏறினாள். சுத்தியலால் சுவரைத் தட்டினாள். டொப் டொப் என்றது.

"சத்தத்தைக் கேளுங்க. உள்ளே பொள்ளலா இருக்கு. பூச்சு சுவத்தைப் பிடிக்கவே இல்லை."

உளியை வைத்து ஒரு தட்டு. பெரிய பாளமாகக் கழன்று விழுந்தது. அதற்கடியில் இன்னொரு பூச்சு. அதையும் பெயர்த்தால் அதற்கடியிலும் ஒன்று.

"அடக் கடவுளே! எவனோ ஒட்டு மேல ஒட்டாப் போட்டு வெச்சிருக்கான். அதுவும் மணலே சேர்க்காம வெறும் சிமெண்ட்டு! இங்க பாருங்க இந்தக் கூத்தை, கொத்தனார் கரண்டிகூட இல்லை, சாப்பிடற ஸ்பூனால தடவியிருக்கான்! காய்ஞ்சதும் வெடிச்சிருக்கு, வெடிப்பு வழியாத் தண்ணி நேரா நம்ம ரூமுக்குள்ள!"

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். "வீடு கட்டினவன் வேலையா இருக்குமோ?"

"எந்தக் கை விளங்காதவனோ! என் கையில கிடைச்சான், அந்த ஸ்பூனாலயே போடுவேன்."

பெரிய மாமா மட்டும் சிரிக்கவில்லை. "மெதுவாப் பேசும்மா," என்றார்.

சின்னவளுக்கு இருந்த வேகத்தில் அதெல்லாம் காதில் ஏறவில்லை. தூசியைத் தேய்த்துத் தள்ளினாள். சுவரை நன்றாக நனைத்தாள். சிமெண்ட் பாலைப் பூசி, அதன் மேல் கலவையை அள்ளி அள்ளி அடித்தாள். முதலில் கொஞ்சம் கீழே கொட்டியது. கொட்டினால் கொட்டட்டும் என்று மறுபடி அடித்தாள். அப்புறம் மட்டப்பலகையை வைத்து ஒரே தேய். இறங்கித் தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கே பெருமை தாங்கவில்லை. கொத்தனாரே வந்து பார்த்தாலும் வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான்!

கேட் கிறீச்சிட்டது.

பெரியவள். வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டாள். ஈரமாக இருந்த புதுப் பூச்சைப் பார்த்தாள். கீழே குவிந்து கிடந்த பழைய சில்லுகளைப் பார்த்தாள். கத்தவில்லை. ஜாடைகூடப் பேசவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பார்த்தீங்களா வயித்தெரிச்சலை?" உள்ளே கேட்கட்டும் என்றே சின்னவள் குரலை உயர்த்தினாள். "சுவர் நல்லா வந்துடுச்சேங்கற வயித்தெரிச்சல்!"

பெரிய மாமா ஏணியருகே வந்தார்.

"நீ பெயர்த்துப் போட்டதெல்லாம் அவ பூசினதும்மா."

"என்ன மாமா சொல்றீங்க?"

"வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி, ஒரு நாள் லீவு போட்டுட்டு, நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போனப்புறம் ஏறிடுவா. நான் பூசறேன்னாலும் விடமாட்டா. அது உன் கண்ணுல பட்டுடுமேன்னுதான் அந்தக் கத்து கத்தினா. இந்தத் தடவையாவது ஒழுங்கா நிக்கட்டும்னு நான்தான் அவளுக்குத் தெரியாம கேட்டைத் திறந்தேன்."

சின்னவளுக்குச் சுருக்கென்றது. வாய்க்கு வந்தபடி பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வர, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"என்கிட்டதான் முகம் குடுத்தே பேசறதில்லையே... எங்க சுவத்தை அவங்க எதுக்கு மாமா பூசணும்?"

"ராத்திரி உன் பையன் இருமுறது எங்க ரூம் வரைக்கும் கேக்கும்மா. அது நிக்கிற வரைக்கும் இவ படுக்கவே மாட்டா."