பெட்டியைப் பெரியவர் பார்க்கிறார்

“பெரியவர் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. அதான் கொஞ்சம் கடுகடுன்னு இருக்கார்,” என்றபடி உதவியாளர் உள்ளறைக் கதவைச் சாத்தித் தாழிட்டார். மேசைமேல் இருந்த கடிகாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு அலாரம் வைத்தார்.

பட்டறைக்காரி சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இரண்டு மாதம் வெல்டிங் புகையில் கண்ணெரிந்து செய்த இரும்புப் பெட்டி அந்த அறைக்குள்தான் இருந்தது.

மலைப்பாதையில் நாள்கணக்கில் நடந்து போகிறவர்கள் இராத்தங்க நாற்பது குடில்கள் இருக்கின்றன. சாப்பாட்டு வாசனை பிடித்துக்கொண்டு கரடிகள் சொந்தக்காரர்களைப் போலக் கூப்பிடாமலே வந்துவிடுவதால், குடிலுக்கு ஒரு உணவுப் பெட்டி வனத்துறையினர் வைக்கப் போகிறார்கள். பெரியவர் ஒரு மணி நேரம் முயன்றும் திறக்க முடியாத பெட்டிக்குத்தான் ஆர்டர். அது கிடைக்காவிட்டால் பட்டறையை இழுத்து மூடிவிட்டு, சண்டை போட்டு விலகிய பழைய முதலாளி முன்னாலேயே அவள் போய்க் கைகட்டி நிற்க வேண்டும்.

பக்கத்தில் அவள் கணவன் காலாட்டிக்கொண்டிருந்தான். பட்டறையில் அவனுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. மற்ற நேரத்தில் மனைவிக்குத் தைரியம் சொல்கிற வேலை.

“நான் ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடட்டுமா சார்? பூட்டைப் பத்தி அவர்கிட்ட விளக்கமா சொல்லணும்.”

“வேண்டாம்மா. அவர் வேலையில இருக்கும்போது நானே குறுக்கே போக மாட்டேன்.”

“அவ்வளவு கண்டிப்பா?”

“நேத்து ஒரு பெரிய கம்பெனிப் பெட்டி வந்தது. நாலே நிமிஷத்துல பிரிச்சுப் போட்டுட்டார். உள்ளே வெச்சிருந்த பிஸ்கட்டையும் ஒண்ணு விடாம தின்னுட்டார்.”

“பாத்தியா, ஆள் அந்த மாதிரிதான்,” என்று கணவன் அவள் காதைக் கடித்தான். “நாமளும் ஏதாவது வாங்கிட்டு வந்திருக்கணும்.”

உதவியாளருக்குப் பாம்புச் செவி. “எது குடுத்தாலும் வாங்கிப்பார் தம்பி. ஆனா அதுக்காகப் பெட்டியை உடைக்காம விட மாட்டார்.”

“அது சரி, நாங்க விண்ணப்பம் போட்டு நாலு மாசம் ஆச்சே. இப்பத்தான் கூப்பிடுறீங்க?”

“என்ன பண்றது, குளிர்காலம் பூரா பெரியவர் தூங்கிட்டார்.”

“எந்த ஆபீஸ்லதான் தூங்கலை,” என்று கணவன் முணுமுணுத்தான்.

அப்போது உள்ளே டமாரென்று ஒரு சத்தம் கேட்டது. நான்கு பேர் சேர்ந்து தூக்கி வைத்த பெட்டி தடதடவென்று உருண்டது. பிறகு இடிமேல் இடி.

“ஒரு அதிகாரி இவ்வளவு மும்முரமா வேலை செஞ்சு நான் பாத்ததே இல்லை,” என்றான் கணவன். அவன் காலாட்டல் நின்றுபோயிருந்தது.

ஒவ்வொரு அடியும் அவள் எலும்பில் விழுந்தது. கீலை உள்பக்கமாக வைத்துக்கொண்டது அவள் யோசனை. மூடியின் விளிம்பில் நகம் நுழையக்கூட இடம் விடவில்லை. ஆனாலும் வலது மூலையில் ஒரே ஒரு ஒட்டு மனசுக்குத் திருப்தியாக விழாதது இப்போது நினைவுக்கு வந்து தொலைத்தது.

ஐம்பதாவது நிமிடம் சத்தம் அடங்கியது.

“சார், திறந்துட்டாரா?”

“யோசிக்கிறார்.”

அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் அவள் கும்பிடாத தெய்வமில்லை. அலாரம் அடித்ததும் உதவியாளர் கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். திரும்பியபோது அவருக்கு வாயெல்லாம் பல்.

“மேல நாலு கீறல், அவ்வளவுதான். மூடி அசையவே இல்லை. நாற்பது பெட்டியும் நீங்கதாம்மா செய்றீங்க.”

இதுவரை தைரியம் சொல்லிக்கொண்டிருந்த கணவன் ஓவென்று அழ ஆரம்பித்தான். அவளுக்கோ சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. இவ்வளவு பாடுபட்டும் பட்டென்று தோல்வியை ஒப்புக்கொண்ட நேர்மையான மனிதருக்கு நேரில் ஒரு நன்றி சொல்லாமல் போனால் இன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய் உள்ளறைத் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

உதவியாளர் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இருங்கம்மா, முதல்ல கரடியைக் கூண்டுல அடைச்சுட்டு வரேன்.”