முன்சீட்டு

பேசாலை லெம்பேட் மாஸ்டருடைய பழைய காரில் முன்சீட்டு பெரிய மனிதர்களுக்கு மட்டுந்தான். பெரிய மனிதர் கிடைக்காத நாட்களில் அது வெறுமையாகப் போய் வெறுமையாக வரும். மனைவி பிரான்சிஸ்கா சாகும்வரை பின்சீட்டில்தான் இருந்தாள்.

அவள் போய்ச்சேர்ந்த மாரிகாலத்திலிருந்து, அவள் இருந்த பக்கத்துக் கண்ணாடியில் மட்டும் உள்ளே பனிபோல் புகார் படிந்தது.

"ஒழுக்கு ஒண்டுமில்லை மாஸ்டர், காலடிக் காபட்டும் காய்ஞ்சுதான் கிடக்கு," என்றான் கார் திருத்தும் நிப்ராஸ். "உப்பைக் கட்டி வையுங்கோ, ஈரத்தை இழுக்கும்."

"நாளைக்குத் திருநாளுக்குப் பிரதம விருந்தினரை ஏத்தவேணும் தம்பி. மானம் போகக்கூடாது."

"அவர் முன்னுக்குத்தானே இருப்பார்?"

"பின்னே? கதைக்கிறாய்!"

பழைய சொக்ஸில் உப்பளத்து உப்பை நிரப்பி, அவள் இருந்த இடத்தில் வைத்தார் மாஸ்டர்.

காலையில் அவள் பக்கத்துப் பின்கண்ணாடி துடைத்துவிட்டதுபோல் தெளிந்திருந்தது. உப்பு பொலபொலவென்று காய்ந்தபடியே கிடந்தது. முன்சீட்டுப் பக்கத்துக் கண்ணாடியில், ஆள் இருந்தால் முகம் வரும் உயரத்தில், சின்னதாக ஒரு புகார் வட்டம் படிந்தது, மங்கியது, மறுபடி படிந்தது.

மாஸ்டர் அதைத் துடைக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு போனார்.

கழுத்தில் மாலையோடு வந்த விருந்தினர் முன்கதவில் கைவைத்தார்.

"பின்னுக்கு ஏறுங்கோ, சேர்," என்றார் மாஸ்டர். "முன்னுக்கு ஆள் இருக்கு."